நெற்றிக்கூலி

சம்மாந்துறை மில் வாசலில்
துண்டு எழுதுகிறவன் நான்.
லொறியிலிருந்து ஒரு மூட்டை உள்ளே போனால் ஒரு கோடு.
ஐந்தாவது கோடு மற்ற நாலையும் குறுக்கே வெட்டும்.
இப்றாலெவ்வைக்கு மட்டும் தனி ஒற்றை,
அவர் சுமப்பது தலையிலுமில்லை தோளிலுமில்லை என்பதால்.

போன மாரிக்கு முந்தின மாரி
அட்டி சரிந்து வலது தோள் கழன்றது.
பொருத்திவிட்டார்கள். பொருந்தவில்லை.
பதுளை ரோட்டில், பஸ் யன்னலால்,
கொழுந்துக் கூடைக்காரிகளை ஒருமுறை கண்டிருக்கிறாராம்.
கூடை முதுகில், கயிறு உச்சியில், இரண்டு கையும் செடியில்.
அந்த ஒரு வளைவுக்குள் பார்த்தது அவருக்குப் போதும்.

காரைதீவுச் சந்தியில் நசுங்கிக் கிடந்த வேனிலிருந்து
சீட் பெல்ட்டை அறுத்து வந்தார்.
சாரதியைப் பிடித்து நிறுத்தாத நாடா
அறுபத்தைந்து கிலோ சம்பாவைப் பிடித்து நிறுத்தியது.
நடுவில், நெற்றி படுமிடத்தில்,
சாக்குத் துண்டை மடித்து
வலைநூலால் தைத்த முடிச்சு,
இரண்டு ரூபாய்க் குற்றியளவு.

மூட்டையின் அடியால் போய்
முதுகால் ஏறி
நெற்றியில் வந்து நிற்கும் பட்டி.
காதோரம் இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி
ருகூவிலேயே நடந்து போகிறவர் போலப் போவார்.
எதிரில் வருகிறவரைக் காலை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.
"செருப்பு மாத்திட்டாய் போல," என்பார் என்னிடம்.

ஒரு வருஷம்.
நெற்றி நடுவில் வட்டமாகக் கறுத்துத் தடித்தது தோல்.

மகள் ஜெஸீலாவுக்குப் பேச
நிந்தவூரிலிருந்து வந்தார்கள்.
மகளுக்கென்று கட்டும் வீடு
ஒவ்வொரு மூட்டையாய் உயர்ந்து
லிண்டல் மட்டத்தில் நின்றது.
மாப்பிள்ளையின் வாப்பா
கூரையில்லாத அறைக்குள் நின்று வானத்தைப் பார்த்தார்.
பிறகு இப்றாலெவ்வையின் நெற்றியைப் பார்த்தார்,
கொஞ்ச நேரம் கூடுதலாகவே.

"மாஷா அல்லாஹ்.
சுஜூது செஞ்சு செஞ்சு கறுத்த நெத்தி.
இதுக்கு முன்னால கைக்கூலி பேச
எனக்கு வெக்கமா இருக்கி.
மூணு லட்சமும் வேணாம்."

தேத்தண்ணி வந்தது. குடித்தார்கள். போனார்கள்.

ஐந்து வக்தும் தொழுகிறவர்தான், அதில் பொய்யில்லை.
ஆனால் அந்தத் தழும்பு எங்கிருந்து வந்ததென்று
அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
செத்துப்போன வேனுக்கும் தெரியும்.

"சொல்ல வாயெடுத்தன் தம்பி,
மூணு லட்சம் வந்து வாயைப் பொத்திட்டு."

மறுநாள் காலை
பிளேடால் முடிச்சைப் பிரித்தார்.
பட்டியை மேலே ஏற்றினார், முடி தொடங்கும் கரைக்கு.
அது வழுக்கும் இடம்.
வியர்வை வந்தால் நாடா பின்னால் ஓடும்,
முடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.
நாலு நடைக்கு ஒருமுறை நிற்கவேண்டும்.
நின்றார்.

எண்பது மூட்டைக்காரர் அறுபத்தொன்றுக்கு வந்தார்.
"கணக்குப் பிழையா?" முதலாளி கேட்டார்.
"பிழையில்லை."
"சுகமில்லையா ஆளுக்கு?"
"சுகந்தான்."

மூட்டைக்கு நாற்பது ரூபாய்,
நாளொன்றுக்குப் பத்தொன்பது குறைவு.
மூன்று லட்சத்தை இப்படியே இறைத்துத் தீர்க்க எத்தனை நாளென்று
ஒற்றையின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு.
மீதி பதினாலு மூட்டை.
அவரிடம் காட்டவில்லை.
அவர் அப்படிக் கணக்குப் பார்த்தாரா என்றும் தெரியாது.

கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து.
வட்டம் ஓரத்தில் உரியத் தொடங்கியிருக்கிறது,
உள்ளே தோல் இளஞ்சிவப்பு.
மேலே, முடிக்கரையில்,
யாரும் எதுவென்றும் பிழையாக நினைக்க முடியாத
நீளக் கோடு ஒன்று காய்க்கிறது.

நேற்று மழை. லொறி பிந்தி வந்தது.
உமி ஒட்டிய நெற்றியோடு வந்து
என் மேசைக்கு முன் குனிந்தார்.
"என்ன எழுதினாய்?"
"ஐம்பத்தெட்டு."
"ஓம்," என்றார், "ஐம்பத்தெட்டுத்தான்."